தவிட்டுக்கு வாங்கிய குப்புசாமி

அக்கா,

நேற்றுக் காலையில் நம் மகன் ஒரு தவிட்டு மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு மாடு வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆயுசெல்லாம் இரும்போடு கிடந்தவன், இப்போது ஒரு கன்றுக்குட்டியின் பின்னால் நாள் முழுதும் சுற்றுகிறான். மூட்டையின் தையலைப் பிரித்ததும் புதுத் தவிட்டின் மணம் அடுக்களை வரை வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டேன். அதே மணத்தை மடியில் கட்டிக்கொண்டு நீ வரப்பு மேல் நடந்து வந்தது கண்முன் நின்றது.

நம் மகன் என்று எழுதுகிறேன். வேறு யாராவது படித்தால் குழம்பத்தான் செய்வார்கள். பெற்றவள் நான். வாங்கியவள் நீ. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தக் கணக்கில் நமக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

அப்போது நான் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள். சாக்பீஸ் பிடித்த முதல் கை என்னுடையது. நீ சுகாதார நிலையத்தில் பிரசவ அறை ஆயா. வெந்நீர் போடுவது, துணி வேகவைப்பது, நர்ஸம்மா கேட்கும் முன்பே கத்தரிக்கோலை எடுத்து நீட்டுவது எல்லாம் உன் வேலை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவாய். உனக்கு நாலு பிள்ளைகள். நாலும் உயிரோடு இருந்தன, நாலும் வாயாடிகள்.

எனக்கு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. முதல் பிள்ளை ஒன்பதாம் நாள் போனான். அடுத்தவன் தவழ்ந்து, எழுந்து நின்று, பதினோராம் மாதத்தில் போனான். இரண்டு முறையும் பிள்ளையைக் கடைசியாகக் குளிப்பாட்டியது நீதான். பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை வாரிவிட்டாய். பிறகு தினமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாய். "வா டீச்சரு, டீ குடிக்கலாம்" என்பாய். அந்த டீக்காகத்தான் நான் பல நாள் பள்ளிக்கூடமே போனேன்.

மூன்றாவது பிள்ளை உன் கையில்தான் பிறந்தான். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் ஒரே பிடியாக நின்றார்.

"இத்தயும் எமன் பாத்துட்டான்னா இன்னா பண்ணுவ? குப்பையில போட்டு எடுக்கணும். வேற சாதிசனத்துல ஒருத்தி வந்து தவிடு குடுத்து வாங்கணும். அசிங்கமா ஒரு பேரு வெக்கணும். அப்பதான் இது நமக்கு வாணாம்னு அவன் போவான்."

பிரசவத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம்தான் மூன்றாம் வகுப்புக்குச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். ஈயும் குப்பையும் நோய் தரும் என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைச் சத்தமாகப் படிக்க வைத்திருந்தேன். ஆனாலும் மறுநாள் மத்தியானம் நானே உனக்கு ஆள் அனுப்பினேன். நாலு பிள்ளையையும் உயிரோடு வைத்திருந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

"இன்னா டீச்சரு, படிச்சவ நீயே இப்டி கேக்குற?" என்றாய்.

"படிச்சேன்தான் அக்கா. ஆனா இவனும் போயிட்டான்னா, அதையும் செஞ்சி பாத்திருக்கலாமேன்னு சாகிற வரைக்கும் நெனைச்சிக்கினு இருப்பேன்."

நீ பிள்ளையின் துணியை விலக்கித் தொப்புளைப் பார்த்தாய். பிறகு என் மாமியாரிடம் திரும்பினாய். "நான் மாதா கோயிலு ஆளு பெரிம்மா. உங்க எமன் ஒத்துப்பானா?"

"எமன் இன்னா சர்ட்டிபிகேட்டு பாத்தா தூக்கிக்கினு போறான்?" என்றார் அவர்.

"அப்போ சரி. வாங்கிக்கிறேன். ஆனா குப்பைய நான்தான் கொட்டுவேன்."

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த எருக்குழியை நீ திரும்பியும் பார்க்கவில்லை. வேப்ப மரத்தடியைக் கூட்டினாய். இரண்டு நாள் வெயிலில் காய்ந்த வைக்கோலையும் சருகையும் கொண்டுவந்து கொட்டினாய். அதன்மேல் ஒரு புது முறம். முறத்தின்மேல் நீ வேகவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணி. என் மாமியார் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இது குப்பையா, மாப்ள வந்து குந்துற எடமா?"

"தொப்புளு இன்னும் ஆறல பெரிம்மா. சாணி பட்டுதுன்னா எமன் ஊடு தேடிக்கினு வர வாணாம். நாமளே கூப்ட்ட மாதிரி ஆயிடும்."

அதற்குப் பிறகு நீ வயல் பக்கம் போய், அங்கிருந்து முன்பின் தெரியாதவள் மாதிரி வரப்பு மேல் நடந்து வந்தாய். மடியில் ஒரு படி தவிடு.

"இன்னாம்மா, குப்பையில ஒரு புள்ள கெடக்குது. யாரோடது?"

நான் சொல்ல வேண்டியதை மாமியார் முன்னாடியே சொல்லிக் கொடுத்திருந்தார். "தெரியாது. என்னுது இல்ல" என்றேன். அந்த நேரம் பார்த்து அவன் அழுதான். என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. நீ அதைப் பார்த்துவிட்டாய். இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பது முறை. நீ கேட்கவில்லை. மடியை அவிழ்த்துத் தவிட்டை என் முந்தானையில் கொட்டினாய். முறத்தோடு அவனைத் தூக்கிக்கொண்டு மரத்தை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, நேரே என்னிடம் வந்தாய்.

"எம்புள்ளைக்குப் பசிக்குது. கொஞ்சம் பால் குடுப்பியா?"

என் மாமியார் கூடச் சிரித்துவிட்டார். பேர் வைக்கும் உரிமையும் வாங்கியவளுக்குத்தானாம். அவர் குப்பன் என்று சொல்ல, நீ தலையாட்டிவிட்டு ஒரு திருத்தம் போட்டாய்.

"மொட்டையா வாணாம். பின்னாடி ஒரு சாமி சேத்துக்கோ. எமனுக்குக் குப்பை, நமக்குச் சாமி."

அப்படித்தான் அவன் குப்புசாமி ஆனான்.

எல்லாம் அன்றோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை. அடுத்த வாரமே வந்து நின்றாய். சங்கில் விளக்கெண்ணெய் புகட்டப் போன என் மாமியாரின் கையைப் பிடித்தாய். "எம்புள்ளைக்கு நான் சொல்லாம எதுவும் குடுக்கக் கூடாது." கொதித்து ஆறிய தண்ணீர்தான் தர வேண்டும் என்றாய். அம்மை குத்துகிறவர் வந்தபோது பாயில் ஒளித்துவைக்க இருந்த பிள்ளையை நீயே தூக்கிக்கொண்டு போனாய். பெற்ற நான் இதையெல்லாம் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எடுபட்டிருக்காது. வாங்கியவள் சொல்லைத் தட்ட என் மாமியாருக்குப் பயம். அவர் ஏற்பாடு செய்த சடங்காலேயே அவர் வாயை அடைத்தாய். நீ ஏன் அவ்வளவு சுலபமாகத் தவிட்டை மடியில் கட்டினாய் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பதினோராம் மாதம் வந்தது. காய்ச்சலும் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னை ஒரு கையால் இழுத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறினாய். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் "தாயார் யாரு?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒன்றாக "நான்" என்றோம். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"ரெண்டு பேரும் எப்படிம்மா?"

"இவ பெத்தா. நான் வெல குடுத்து வாங்கினேன்."

"எத்தினி டப்பு குடுத்த?"

"டப்பு இல்ல சார். ஒரு படி தவிடு."

அவர் மறுபடி பேனாவை எடுத்து, "பேரு குப்புசாமியா?" என்று அவராகவே கேட்டு எழுதினார். அவருக்கும் அந்தப் பேரின் கதை தெரிந்திருந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியை அவன் கை நீட்டிப் பிடுங்கினான். நீ அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதில், "இன்னோண்ணு குடு நைனா" என்றாய்.

அவனைக் காப்பாற்றியது பேரா, மருந்தா என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை. என் மாமியார் பேர் என்றார். நர்ஸம்மா ஊசி என்றார். நீ இருவரிடமும் "ஆமா" என்றாய்.

பிறகு அவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். முதல் வகுப்புக்கு நான்தான் ஆசிரியை. முதல் நாள் வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டேன். குப்புசாமி என்றதும் மூன்று பையன்கள் எழுந்து நின்றார்கள். குப்பம்மாள் ஒருத்தி. பிச்சை ஒருவன், அவன் தாய் ஊரில் பிச்சை எடுத்து அந்த அரிசியைப் பொங்கி அவனுக்குப் பேர் வைத்தவள். மண்ணாங்கட்டி ஒருவன். ஆந்திரா பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பையன் பெண்டய்யா; அவர்கள் பாஷையிலும் பெண்ட என்றால் குப்பைமேடுதானாம். வருஷா வருஷம் கூப்பிட்ட பேர்கள்தான். என் மகனும் அந்த வரிசையில் நின்றதால் அன்றுதான் அவை காதில் விழுந்தன. ஒவ்வொரு பேருக்கும் முன்னால், பிறந்து தங்காமல் போனதால் நான் கூப்பிடாத பேர் ஒன்றோ இரண்டோ இருந்தது. பாதியிலேயே பதிவேட்டை மூடிவிட்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் உன்னிடம் சொன்னேன். நீ வழக்கம்போல ஏதாவது கிண்டலாகச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"எந்தெந்த ஊடு டீச்சரு? சொல்லு."

ஒவ்வொரு பேராகச் சொன்னேன். உனக்கு எழுதத் தெரியாது. விரலை மடக்கி மடக்கி மனதில் வைத்துக்கொண்டாய். அடுத்த மாதத்திலிருந்து அந்த வீடுகளுக்கு நடக்க ஆரம்பித்தாய். சுகாதார நிலையத்தில் யாரும் உனக்கு இட்ட வேலை இல்லை அது. யார் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று பார்ப்பாய். நர்ஸம்மாவிடம் கூட்டி வருவாய்.

அதில் ஒரு பேஜாரும் வந்து சேர்ந்தது. உனக்குக் கைராசி என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. ஊத்துக்கோட்டை வரைக்கும் போய்விட்டது அந்தப் பேச்சு. வெள்ளிக்கிழமையானால் உன் வீட்டு வாசலில் யாராவது ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்பாள். "எம்புள்ளயயும் நீயே வாங்கிக்கோக்கா." நீ யாருக்கும் முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரி மாதிரி பேரம் பேசினாய்.

"ஆஸ்பத்திரியில பொறந்த புள்ளயத்தான் வாங்குவேன். ஊட்ல பொறந்துதுன்னா வேற ஆள பாத்துக்கோ. மாசாமாசம் நர்ஸம்மாகிட்ட காட்டணும். சம்மதமா?"

சம்மதித்தார்கள். நீ சருகு கொட்டினாய், முறம் விரித்தாய், தவிடு அளந்தாய். உன் புண்ணியத்தில் நாலைந்து வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் குப்புசாமிகள் பெருகிப் போனார்கள். பெரிய குப்பு, சின்ன குப்பு, சூளை குப்பு, ரயில் கேட்டு குப்பு என்று அடையாளம் வைத்துக் கூப்பிட வேண்டியதாயிற்று. மாதா கோயில் சாமியாரே ஒருநாள் உன்னை நிறுத்தி, "உனக்கு மொத்தம் எத்தனை பிள்ளைம்மா?" என்று கேட்டாராம். "நாலு பெத்தது சாமி. வாங்கினது இன்னும் எண்ணி முடியல" என்றாயாம். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார் என்று நீயே சொல்லிச் சிரித்தாய்.

நம் மகனுக்குப் பதினைந்து வயதானபோது அந்தப் பேர் உறுத்த ஆரம்பித்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைப் பார்த்ததும் "குப்ப வண்டி வருது, வழி வுடு" என்றார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. குமாரசாமி என்று மாற்றித் தரும்படி என்னிடம் கேட்டான். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. அவனையே அனுப்பினேன்.

நீ மீன் வறுத்துக்கொண்டிருந்தாயாம். அவன் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும், ஒரு துண்டு மீனைத் தட்டில் போட்டு அவன் முன்னால் தள்ளினாயாம்.

"நான் வாங்கினது உன்னதான்டா, பேர இல்ல. மாத்திக்கோ. அந்தப் பேரு செய்ய வேண்டிய வேலய செஞ்சி முடிச்சிட்ச்சி."

அவன் சந்தோஷமாக வந்து விண்ணப்பம் கொடுத்தான். வகுப்பில் குமாரசாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கேதான் வேடிக்கை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவன் சும்மா உட்கார்ந்திருந்தான். நாலு நாள் வகுப்பிலேயே இருந்துகொண்டு நாலு நாளும் வரவில்லை என்று பதிவாகிவிட்டது. தலைமை ஆசிரியர் கூப்பிட்டு விசாரித்தார். "சார், அந்தப் பேரு எம்மேல ஒட்ட மாட்டேங்குது. பழையதையே குடுத்துடுங்க" என்றானாம்.

அங்கிருந்த தமிழாசிரியர் அவனைத் தட்டிக்கொடுத்து, பழைய தமிழில் குப்பை என்றால் குவியல் என்றுதான் பொருள், நெல் குவிந்து கிடந்தாலும் குப்பை, உப்பு குவிந்து கிடந்தாலும் குப்பை என்றாராம். அதற்குப் பிறகு குப்பை வண்டி என்ற பையன்களிடம் இவன், "ஆமா, நெல்லு வண்டி. உங்க ஊட்ல எறக்கணுமா?" என்று கேட்க ஆரம்பித்தான். கேலி ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. உன்னிடம் சொன்னபோது, "நெல்லுன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு படி தவிடு குடுத்திருப்பேனே" என்றாய்.

அவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்த வருஷம் ஒரு ஜூன் மாதம். புது முதல் வகுப்பு. பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டேன். ரவி, செந்தில், சுரேஷ், அமுதா, ஸ்டீபன், குமார், தேன்மொழி. கடைசிப் பேர் வரை வந்துவிட்டேன். ஏதோ விட்டுப்போனது மாதிரி இருந்தது. மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டேன். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குப்புசாமி இல்லை. குப்பம்மாள் இல்லை. பிச்சை இல்லை, மண்ணாங்கட்டி இல்லை, பெண்டய்யா இல்லை.

பதிவேட்டைப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. அன்று எடுத்தேன். மத்தியான மணி அடித்ததும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். நீ கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாய்.

"குந்துக்கா. இத கேளு" என்று எல்லாப் பேரையும் படித்தேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இன்னோருக்கா படி."

இன்னொரு முறை படித்தேன். நீ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாய். துடைத்து முடியவே இல்லை. உன் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு நீ மெதுவாகக் கேட்டாய்.

"இன்னும் ரெண்டு பேரு கீது இல்ல டீச்சரு? அதயும் படி."

நீ யாரைச் சொல்கிறாய் என்று எனக்கு உடனே தெரிந்தது. அவர்கள் போன பிறகு அந்த இரண்டு பேரையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் புருஷனும் சொன்னதில்லை. வீட்டில் சொல்லக் கூடாது என்று ஒரு பயம். என்னைத் தவிர அவை யாருக்கும் ஞாபகம் இல்லை என்றே நினைத்திருந்தேன். பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "ராஜேந்திரன். சுந்தரம்."

பேர் கூப்பிட்டால் பிள்ளைகள் சொல்வது போல, "உள்ளேன் ஐயா" என்று அவர்களுக்காக நீ சொன்னாய். ஒரு முறை ராஜேந்திரனுக்கு. ஒரு முறை சுந்தரத்துக்கு.

நான் அழுதேன். நீயும்தான். ஆனால் அது பழைய அழுகை இல்லை. நர்ஸம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தபோது நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். நீ டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு, இருக்கிற எல்லாருக்கும் பஜ்ஜியும் டீயும் கொண்டுவரச் சொன்னாய். "இன்னிக்கி நாஷ்டா என்னுது. இனிமே எங்கிட்ட யாரும் புள்ள விக்க மாட்டாங்க. கடைய மூடியாச்சு."

நீ போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை என்று உன் பெரிய பிள்ளை வாசலைப் பார்த்து, "டேய் குப்புசாமி, இந்தப் பக்கம் வாடா" என்று குரல் கொடுத்தான். ஆறு பேர் வந்தார்கள். நரைத்தவன், வழுக்கை விழுந்தவன், தொப்பை போட்டவன், எல்லாரும் குப்புசாமிகள். தொழிற்பேட்டையிலிருந்து வேலை உடுப்போடு வந்திருந்தவர்கள் இரண்டு பேர். உன் பெரிய பிள்ளை அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். உன் நாலு பிள்ளைகளும் ஒதுங்கி நின்று அவர்களைத் தூக்கவிட்டார்கள். நம் மகன் முன்னால் வலது பக்கம் பிடித்திருந்தான்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் வரிசையாகக் கேள்வி கேட்டாள். வயசு, ஊர், சர்க்கரை இருக்கிறதா. கடைசியில், "பிள்ளைங்க எத்தனை பேர் பாட்டி?" என்றாள்.

"மூணு" என்றேன். இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன். குரல் நடுங்குவதில்லை.

"கூட யார் வந்திருக்காங்க?"

"சின்னவன். வெளிய உக்காந்துக்கினு இருக்கான். பேரு குப்புசாமி."

அவள் தட்டெழுதிக்கொண்டே சிரித்தாள். "இந்தப் பேரெல்லாம் இப்ப யாரும் வெக்கறதே இல்ல பாட்டி."

"ஆமாம்மா" என்றேன். "இப்ப யாருக்கும் தேவப்படல."